வெல்வெல் சாரெட்ஸ்கி கையெழுத்துப் போடாத சனிக்கிழமை

என் தம்பி வெல்வெல் பதினோரு வருடம் பேஸ்பாலில் சம்பளத்துக்கு ஆடினான். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி, வருகிற பந்தைப் பிடிக்கிற வேலை. பத்திரிகைக்காரர்கள் 1,040 ஆட்டம் என்கிறார்கள். 1,038தான், இரண்டு மழையில் நின்றுபோனவை. ஐந்தடி ஆறங்குல உயரத்தில், நான்கு விரல்கள் முறிந்தும், யூதனுக்கு அறை தராத ஊர்களில் பேருந்திலேயே படுத்துத் தூங்கியும், இரண்டு கோப்பைகள் வென்றான். இப்போது எங்கள் மாடிப்படியைக் கைப்பிடி பிடித்துத்தான் ஏறுகிறான்.

அப்பா நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதியில் கால்சட்டைகளுக்கு இஸ்திரி போடுபவர். நானும் அதே பட்டறையில் பொத்தான் தைத்தேன். வெல்வெல் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மனையில் ஆடுவான். அங்கேதான், அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடித் திரியும் ஹார்கின்ஸ் என்பவர் அவனைப் பார்த்தார். ஒப்பந்தத்தோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது 1931 மார்ச் 28, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு.

சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், அன்று நாங்கள் எழுதுவதில்லை. வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் பேனாவைத் தொடலாம். அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஹார்கின்ஸுக்கோ ஆறு மணிக்கு ரயில்.

அன்று நாங்கள் நெருப்பும் மூட்டுவதில்லை என்பதால், யூதரல்லாத கீழ்வீட்டு ருஜியேரோ அம்மாள் வழக்கம்போல் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க வந்திருந்தாள். ஹார்கின்ஸ் அவளைக் காட்டினார்.

"அடுப்பு மூட்டறவங்களே கையெழுத்தும் போடட்டுமே?"

"நான் போட்டா நான்தான் போய் குந்தணும். என் முட்டி தாங்காதுய்யா."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நாப்பது வருஷமா சனிக்கிழமை ஒரு கால்சட்டைய தொட்டதில்ல. பந்து அதவிட அவசரமா?"

நான் தம்பியைச் சமையலறைக்கு இழுத்தேன். வேறொரு வாய்ப்பு இந்தத் தெருவுக்கு வராது என்பது எனக்குத் தெரியும்.

"போட்டுடுடா. பாவம் என் தலையில விழட்டும்."

"அப்பா பாத்துட்டு இருக்காருக்கா."

பின்னாளில் அவன் எத்தனையோ சனிக்கிழமைகளில் ஆடினான். அதை மறைக்கமாட்டேன். ஆனால் அப்பாவின் மேஜையில், அவர் கண்முன்னே, அவனால் எழுத முடியவில்லை.

ஹார்கின்ஸ் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வர்ஜீனியாவில் அணியின் பயிற்சி முகாமில் இதே இடத்துக்கு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து அவர்களோடு மோதிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் வெல்வெல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலைப் பேருந்துக்கு அவனை அனுப்பினேன். புதன்கிழமை மாலை எங்கள் பெசாக் பண்டிகை தொடங்குகிறது. எட்டு நாள் புளித்த மாவு ஆகாது. அதனால் புளிக்காத ரொட்டி இரண்டு பொட்டலமும், அவித்த முட்டை பன்னிரண்டும், உருளைக்கிழங்கும் கட்டிக்கொடுத்தேன். அப்பா பேருந்து நிலையம்வரை கூட நடந்தார். பெட்டியை அவரே தூக்கினார்.

திங்களும் செவ்வாயும் வெல்வெல் காலையிலிருந்து சாயங்காலம்வரை குந்தியிருந்தான். முதல் நாளே ஒருவன் தோள்வலி என்று கிளம்பிவிட்டான். இன்னொருவன் செவ்வாய் மதியம்வரை தாக்குப்பிடித்தான், பிறகு பந்துகளைத் தவறவிட ஆரம்பித்தான். வெல்வெலின் வலது ஆள்காட்டி விரல் அதற்குள் வீங்கிப் போயிருந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை. இடம் அவனுக்கே கிடைத்தது; அன்று பொழுது சாயுமுன் பேனாவை நடுவிரலோடு சேர்த்துப் பிடித்து, ஒப்பந்தத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதினான்: 1931 மார்ச் 31, எங்கள் யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 13.