ஆறுமுகத்து பிளசருக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழம, காத்தால சோடா பாட்டிலு கழுவிக்கினு இருந்தேன். எதுத்தாப்ல சைக்கிள் கடை வெச்சிருக்கிற பையன் வந்து, "அண்ணே, மோட்டார் ஆறுமுகம் போயிட்டாரு"ன்னான். "எதுவரைக்கும் போனான்? கூட்டேரிப்பட்ட தாண்டுச்சா வண்டி?"ன்னு கேட்டேன். வாய் பழக்கம். அவன் சிரிக்கல. அப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு.

திண்டிவனத்துல ஆறுமுகத்தைத் தெரிஞ்சவங்க யாரு? அவன் காரைத் தள்ளினவங்கதான். தோள்பட்டையத் தடவிப் பாருங்க, ஞாபகம் வரும். நான் மூணாங்கிளாசோட நின்னவன். ரயிலடியில சோடா விக்கிறவன். பேசுறாப்லதான் எழுத வரும், பொறுத்துக்குங்க.

ஆறுமுகம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தரகு பண்ணவன். மொதப் பிரசவத்துக்குக் கெளம்பின அவன் சம்சாரத்த மாட்டு வண்டியில ஏத்திக்கினு போனாங்க. பாதி வழியில பொண்ணு பொறந்துச்சு, தாயி போயிட்டா. அந்தப் பொண்ணுதான் காமாட்சி. வளத்து விழுப்புரத்துல கட்டிக்குடுத்தான். கட்டிக்குடுத்த கையோட, கப்பலேறப்போற ஒரு வெள்ளக்கார டாக்டருகிட்ட பாண்டியில பழைய பிளசர் காரு வாங்கினான். நாலு கதவு, மேல மூடி, பின்னாடி மெத்தை சீட்டு. "எதுக்குய்யா, ரயிலு இல்லியா?"ன்னேன். "வலி வந்தா ரயிலு நின்னு ஏத்திக்கினு போவுமா? எம் பொண்ணு மாட்டு வண்டியில ஏறக் கூடாதுய்யா"ன்னான்.

அந்தக் காரு பிரெஞ்சுக்காரன் செஞ்சது. ஒரு திருகாணி வேணும்னாலும் பாண்டிக்குக் கப்பல் வரணும். கியரு பல்லு ஒடஞ்சுது, கிணத்தடி கொல்லை விலைக்குப் போச்சு. டைனமோ எரிஞ்சுது, புளியமரத்துக் கொல்லை போச்சு. ஸ்பிரிங் பட்டை முறிஞ்சுது, உழவு மாடு ஜோடியாப் போச்சு. நான் காரைச் சுத்தி வந்து, "யோவ், இதோ உன் கிணத்தடி, இதோ புளியமரம். மாடு எங்கய்யா, அடியில படுத்து அசை போடுதா?"ன்னு கேப்பேன். அடியில படுத்திருக்கிறவன் அவன்தான். மூஞ்செல்லாம் ஆயிலா எட்டிப் பாத்து, "சிரிய்யா, சிரி. எல்லாம் சரியாயிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி"ம்பான். அந்த ஒண்ணு தீந்தா அடுத்த ஒண்ணு வரும்.

காமாட்சிக்குத் தலைப்பிரசவம். வளகாப்பு போட்டுக் கூட்டிக்கினு வர நாள் குறிச்சாச்சு. மொத நாளு ரேடியேட்டரு ஒழுகுது. மெக்கானிக்கு, "கழட்டி ஈயம் வெச்சு ஊதணும், நாலு நாளு ஆவும்"னான். குறிச்ச நாளு காத்துக்கினு இருக்குமா? ஆறுமுகம் வூட்டுக்குப் போயி கேப்ப மாவைக் கரைச்சு எடுத்தாந்தான், ரேடியேட்டர்ல ஊத்தினான். நெசமாவே ஒழுகல் நின்னுபோச்சு! "மேல்மலையனூராளுக்கு ஊத்தற கூழைக் காருக்கு ஊத்தறியே, ஆத்தா கோவிச்சுக்கப் போறா"ன்னேன். "அவளுக்கும் ஊத்தறேன்யா, எம் பொண்ணு பெத்து எழுந்திருக்கட்டும்"னான்.

மறுநாளு முன் சீட்டுல நானும் இருந்தேன். விழுப்புரம் போறப்ப ஒண்ணும் இல்ல. காமாட்சிய ஏத்திக்கினு திரும்பினோம். விக்கிரவாண்டி தாண்டினதும் கஞ்சி வாசன வந்துச்சு. அப்பறம் புகை. இஞ்சினு இறுகி நின்னுபோச்சு. மூடியத் தொறந்தா, வெந்த கூழு பொங்கி வழியுது. உள்ளாற இருக்கிற குழாயெல்லாம் அடச்சுக்கிச்சு. காமாட்சி பின் சீட்டுலேர்ந்து, "அப்பா, ஊறுகா எடுத்தாந்தியா?"ன்னா. மூணு பேரும் சிரிச்சோம்.

சிரிச்சு முடிக்கலை, அவ வயித்தப் பிடிச்சுக்கினா.

வெயிலு. ரோட்டுல ஈ காக்கா இல்ல. நாங்க தள்ளினோம், தள்ளினோம், எவ்ளோதான் தள்ளறது? கடசீல கரும்பு ஏத்திக்கினு வந்த மாட்டு வண்டிய நிறுத்தி, கரும்பைத் தள்ளிட்டு அவளைப் படுக்க வெச்சோம். ஆறுமுகம் ஏறல. வண்டிச் சட்டத்தைப் பிடிச்சுக்கினே ஓடியாந்தான். பொண்ணு பொழச்சுது. புள்ள பொழக்கல.

தீட்டு கழிஞ்சு அவ விழுப்புரம் போனா. திரும்ப அந்தக் காருல ஏறல. வயித்துலயும் ஒண்ணும் தங்கல. இவன் மட்டும் ரிப்பேரை வுடல. ரேடியேட்டரு மாத்தினான், இஞ்சினு எறக்கி ஏத்தினான். உலகச் சண்டைக் காலத்துல பெட்ரோலு இல்லன்னு, கரிப்புகையில ஓட்ட பின்னாடி கரி அடுப்பு கட்டினான். டயரு கிடைக்கலன்னு வைக்கோலு திணிச்சான். "எவன்யா ஏறப் போறான்?"னு திட்டுவேன். "அவ ஒரு நாளு வருவா இல்ல"ம்பான். வூடும் போச்சு. காருலயே படுத்தான், முன் சீட்டுல மடங்கிக்கினு. பின் சீட்டுல படுக்க மாட்டான். வியாழக்கிழம சாயங்காலம் சோடா குடுத்தேன். "எல்லாம் சரியா இருக்குதுய்யா, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி"ன்னான். எது பாக்கின்னு நான் கேக்கல. முன் சீட்டுலயேதான் போயிருந்தான்.

காமாட்சி பஸ்ஸுல வந்தா. எடுத்துக்கினு போயி கொளுத்திட்டு வந்தப்பறம் எங்கிட்ட, "கடசீயா அப்பா இன்னா மாமா சொன்னாரு?"ன்னு கேட்டா. சொன்னேன். "இன்னா பாக்கியாம்?"

ஊரையே கிண்டல் பண்ண வாயி, அன்னைக்கு பொய் சொல்லுச்சு. "டயரும்மா"ன்னேன்.

தலைய ஆட்டினா. காருகிட்ட போயி பின் கதவைத் தொறந்தா. சீட்டுக்குப் புதுத் துணி தெச்சு, தலகாணி போட்டு வெச்சிருந்தான். ரொம்ப நேரம் பாத்தா. உக்காரல. கதவைச் சாத்திட்டு பஸ்ஸுக்கு நடந்துட்டா.

கோட்டக்குப்பத்துலேர்ந்து பழைய இரும்பு எடுக்கிற பாய் வந்து காரைக் கட்டி இழுத்துக்கினு போனாரு. ஸ்டார்ட் பண்ற ஹேண்டிலை மட்டும் நான் வெச்சுக்கினேன். அவன் கை பட்ட எடம் தேஞ்சு பளபளன்னு இருக்குது. கடையில ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். சோடா குடிக்க வர்றவங்க, "இது இன்னாத்துக்கு பெரியவரே?"ன்னு கேக்கறாங்க. குதர்க்கமா ஒரு பதிலு சொல்லத்தான் வாயத் தொறக்கறேன். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி"ன்னுதான் வருது.