சிவப்பு ஸ்டிக்கர்

சந்திராக்காவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவர் செக்கர், நான் தையல். தையலில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி எனக்கே திருப்பி அனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாட்றம்பள்ளி பக்கம் அவருக்குக் கிணறும் தென்னையுமாகக் கொஞ்சம் நிலம். தொழிற்பேட்டைக்காக அதை எடுத்துக்கொள்வதாக அரசு ஆணை வந்தது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு வரும்வரை சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார், எழுந்து வாசல்வரை போய் வருவார்.

ஆணை ரத்தானது. லைன் முழுக்க லட்டு கொடுத்தோம். மறுநாள்தான் அக்காவின் வக்கீல் பூங்குழலி போனில் விளக்கினார். நிலம் அக்காவுக்கு என்று நீதிபதி சொல்லவில்லையாம். அக்காவைக் கேட்டுவிட்டு மறுபடி முடிவெடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறாராம்.

"நெலத்த குடுத்துட்டுப் போறதுக்கு இன்னாவாம் அவருக்கு?" என்று கேட்டார் அக்கா.

"அது அவர் வேலை இல்லீங்கம்மா. நானூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ராஜா, நானே வழக்கை விசாரிப்பேன்னு கெளம்பினாரு. நீங்களும் சட்டத்துக்குக் கீழதான்னு ஒரு நீதிபதி சொல்லிட்டாரு. அங்கேர்ந்து வளந்து வந்தது இது. அரசாங்கம் முடிவெடுத்த மொற சரியான்னு ஜட்ஜ் பாப்பாரு. அவங்க நாற்காலில போயி உக்கார மாட்டாரு."

"ஒரே பேஜாரு" என்று அக்கா போனை வைத்தார்.

அன்று என் ஷூ ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "நீங்களே தச்சுக்குங்களேன் அக்கா!" என்று கத்திவிட்டேன்.

"நானே தச்சா, அப்பறம் அத யாருடி பாக்கறது?" என்றவர், ஷூவும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

நிலம் எடுக்கும் அதிகாரி அக்காவைக் கூப்பிட்ட விசாரணைக்கு நானும் கூடப் போனேன். கோடையிலும் வற்றாத கிணறு, பக்கத்திலேயே சும்மா கிடக்கும் புறம்போக்கு என்று எல்லாவற்றையும் அக்கா சொன்னார். அதிகாரி தலையாட்டினார். கொஞ்ச நாளில் புது ஆணை வந்தது. நிலம் மறுபடியும் போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா அழவில்லை. ஷூவைத் தடவிப் பார்ப்பதுபோல் ஆணையின்மேல் வரி வரியாக விரலை ஓட்டினார். ஆட்சேபம் கேட்கப்பட்டது என்றிருந்தது. ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரியும் இல்லை. புறம்போக்கு பற்றிப் பேச்சே இல்லை.

"இங்க பாருடி பூர்ணிமா, தையல் வுட்டுப் போயிருக்கு."

அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, சென்னை ரயிலுக்கு ஓடினார்.