டேங்குக்குள் இரண்டு கை புற்றுமண்

சங்கரன்கோவில்காரர்களுக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து கோமதி அம்மன் கோவில் புற்றுமண்தான். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் இருக்கும். சேற்றுப்புண்ணுக்குத் தண்ணீரில் குழைத்துப் பூசுவோம், வயிற்றுவலிக்கு வாயில் போட்டுக்கொள்வோம். கறவை நின்ற மாட்டின் மடியிலும் அம்மா அதைத்தான் தடவினாள், மாடும் மறுவாரம் கறந்தது. ஆகவே ஒன்பது வயதில் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் டேங்குக்குள் இரண்டு கை புற்றுமண்ணைப் போட்டபோது, நான் செய்வது தப்பு என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை.

சித்தி பதினைந்து நாளைக்கு முன் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்று எனக்குச் சொன்னார்கள். சித்தப்பா அடித்தது தெருவுக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பிறகு அவள் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. திங்கட்கிழமை அவளைக் கொல்லத்தில் முந்திரிப்பருப்புக் கம்பெனி வேலைக்குச் சேர்க்கப்போவதாகவும், இனி யாரும் அவளைத் தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியவும் சித்தப்பா வண்டியைத் துடைத்து வெளியே நிறுத்தினார். என்னையும் அழைத்துப் போவது என்று பெரியவர்கள் ஏற்பாடு. பிள்ளையைப் பார்த்தால் அவளுக்கு மனசு இளகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் முதலில் ஏறியிருப்பேன். சித்திக்குப் பிள்ளை இல்லை. நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன், அவள் பின்னினால்தான் என் சடை சாயங்காலம்வரை நிற்கும். அவளைக் கூட்டிக்கொண்டு வராமல் ஊருக்குள் கால் வைப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். மலைப்பாதையில் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான், சித்தப்பா காப்பி குடிக்கப் போன நேரத்தில் டேங்க் மூடியைத் திருகினேன்.

புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வரை வண்டி பறந்தது. சித்தப்பா வழி நெடுக, சித்தியிடம் என்ன பேச வேண்டும் என்று சத்தமாக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பாதி காற்றோடு போயிற்று, காதில் விழுந்த பாதி முழுக்க ஏச்சு. அவளுடைய அண்ணனுக்கும் அதில் தாராளமாகப் பங்கு இருந்தது. செங்கோட்டை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு மேல் வளைவாக வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பார்க்கவே பயமான பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடி, கோமதி அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிக்கொண்டேன்.

கணவாய்க்குச் சற்று முன்னால் வண்டி இருமியது. இன்னும் இரண்டு வளைவு அப்படியே இழுத்துப்போய் நின்றுவிட்டது. சித்தப்பா வியர்க்க விறுவிறுக்க உதைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்ற அவர் ஸ்பேனரை எடுத்தபோது எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

"பயப்படாதீங்க சித்தப்பா. டேங்குக்குள்ள புத்து மண் போட்டிருக்கேன்."

அவர் மெதுவாகத் திரும்பினார். "எவ்வளவுட்டி போட்ட?"

"ரெண்டு கை."

ஸ்பேனரோடு அவருடைய கை மேலே போயிற்று. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. ஓடவும் எனக்குத் தோன்றவில்லை. கை அந்தரத்தில் அப்படியே நின்றது, எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அது என் தலைக்கு வராமல் கீழே இறங்கியது. அவர் ஸ்பேனரைப் புல்லில் போட்டுவிட்டு, பாறையில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மன்தான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு முன் அவளைக் கும்பிட்டிருக்கிறேன், அன்றுதான் நம்பினேன்.

பிறகு அவர் எழுந்தார். தண்ணீர் கேனைக் காலிசெய்து, பெட்ரோலைத் துண்டில் வடிகட்டி அதில் பிடித்தார். கார்புரேட்டரின் துளைகளை வாயால் ஊதினார். துண்டில் தங்கிய சிவப்புச் சேற்றை எங்கே கொட்டுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கோவில் மண், காலில் மிதிபடக் கூடாது. கடைசியில் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, விரலில் ஒட்டியதை நெற்றியில் பூசிக்கொண்டார், எனக்கும் பூசிவிட்டார். அது பெட்ரோல் வாடை அடித்தது.

புனலூர் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. கரி அப்பிய கையும் சேறு பூசிய நெற்றியுமாக வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்து, சண்டைக்குத் தயாராக இருந்த சித்தியின் அண்ணனே கொஞ்சம் தடுமாறிப்போனார். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வெளியே வரவில்லை. "நான் செஞ்சது தப்பு. கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சித்தி என்னை அடுக்களைக்குள் கூட்டிப்போனாள். அவளுடைய தகரப்பெட்டி கொல்லம் போவதற்காகப் பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது. என் முகத்தைத் துடைத்துக்கொண்டே, நெற்றியில் என்ன என்று கேட்டாள். டேங்க் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"அதுக்கு உன்ன அடிச்சாவளா?"

"இல்ல சித்தி."

"கையவாவது ஓங்கினாவளா? நெசத்தச் சொல்லு மக்கா."

நான் யோசித்தேன். ஓங்கியது உண்மை. ஆனால் அதைத்தான் அம்மன் பிடித்துவிட்டாளே, இனி எப்போதும் பிடித்துக்கொள்வாளே, அதை ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் சித்தி கொல்லம் போய்விடுவாளோ என்றும் ஒரு பயம் உள்ளே இருந்தது. அந்தப் பயத்தையும் கோமதியிடமே ஒப்படைத்துவிட்டு, "இல்ல, ஓங்கவே இல்ல," என்றேன்.

சித்தி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற வண்டிக்கு நடந்தாள். இருவருக்கும் நடுவில் நெருங்கி உட்கார்ந்து மலை இறங்கியபோது எனக்குப் பயமே இல்லை. எல்லா வளைவிலும் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

அந்தக் கையை யாரும் பிடிக்காத நாட்களும் பிற்பாடு வந்தன. அன்று நான் சொன்னதைப் பற்றிச் சித்தி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னால் அவள் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. நான் கோமதியை நம்பிப் பேசினேன். சித்தி என்னை நம்பித்தான் பெட்டியை மூடினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.