அளவுக்குக் கொண்டுபோன காற்சட்டை

தையல்காரரிடம் புதுத் துணி கொடுக்கும்போது கூடவே ஒரு பழைய சட்டையையும் கொடுப்பது எங்கள் அல்லைப்பிட்டிப் பக்கத்து வழக்கம். அளவுச் சட்டை என்போம். ஆள் போகத் தேவையில்லை, சட்டை போனால் போதும். யாழ்ப்பாணத்தில் மாற்றுவலுவுள்ளோருக்கான பொருட்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள், அளவு கொடுத்துப் பதிந்தால் சக்கர நாற்காலி கிடைக்கும் என்று பங்குச் சுவாமி ஞாயிறு பூசை முடிவில் அறிவித்ததும், நான் அலுமாரியைத் திறந்து என் கணவரின் நீளக் காற்சட்டையை எடுத்துப் பையில் வைத்தேன். போர் நின்று, சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலம் அது.

வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது அது சறுக்கி அவருடைய முதுகில் விழுந்து அப்போது நான்கு வருடம். அன்று முதல் கட்டில்தான். கடல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். காற்றின் சத்தத்தை வைத்தே சோளகமா வாடையா என்று படுத்தபடி சொல்லிவிடுவார். கட்டிலோடு தூக்கிப்போக நான்கு ஆண்கள் வேண்டும். ஒரு தடவை தூக்கினார்கள். மறுபடி கேட்க அவருக்குக் கூச்சம். “ஒருக்காக் கரையிலை இருந்து கடலைப் பாத்தால் காணும்” என்பார். நான்கு வருடத்தில் தனக்கென்று அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

காவலுக்கு மச்சாளை இருத்திவிட்டுப் புறப்பட்டேன். “கதிரை தேடப் போறீரோ, மாப்பிள்ளை தேடப் போறீரோ? களுசானும் கொண்டு போறீர்” என்று கட்டிலில் கிடந்தபடி அவர் பகிடி விட்டார். பண்ணைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் காற்சட்டையை விரித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் ஆள் தேடினான்.

பள்ளிக்கூட மண்டபம் நிறையப் பொருட்கள். செயற்கைக் கால்கள், ஊன்றுகோல்கள், பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில். அந்தக் கட்டிலின் பிடியை நான் மூன்று தரம் சுற்றிப் பார்த்தேன். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகலாமா என்று அப்படியொரு ஆசை வந்தது.

சக்கர நாற்காலி பதிகிற மேசையில் இருந்தவருக்கும் ஒரு கால் செயற்கைதான். என்னைவிட வயது குறைவு.

“அக்கா, ஆள் வரேல்லையோ?”

“ஆள் வரக்கூடியதெண்டால் நான் ஏன் தம்பி கதிரைக்கு வாறன்?”

சிரித்தார். காற்சட்டையை மேசையில் விரித்தேன். நாடாவை எடுத்தவர் இடுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “உது எப்ப போட்டவர்?”

“கலியாணத்துக்கு.”

“கன நாள் கட்டிலிலை கிடந்தால் உடம்பு வத்திப்போம், அக்கா. இந்த அளவிலை குடுத்தால் கதிரைக்குள்ளை சரிஞ்சு புண் வந்திடும்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாள்தோறும் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்கவைப்பவள் நான். எனக்கே சொல்லித் தருகிறாரா? ஆனால் அவர் சொன்னது சரி. காலையில் அந்தக் காற்சட்டையை எடுத்தபோது இது அவருக்குப் பெரிது என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. கண் நாள்தோறும் ஒருவரைப் பார்த்திருக்கிறது, மனம் வேறொருவரை வைத்திருந்திருக்கிறது. கோயில் வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்ற மனிதர் எனக்கு வேண்டும்போல் இருந்தது. அந்த மேசையடியில், அத்தனை பேர் நடுவில், அவர்தான் வேண்டும்போல் இருந்தது.

“இண்டைக்கு அளவில்லாட்டில் பதிய ஏலாது” என்றவர் சற்று யோசித்தார். “அவரைக் கட்டிலாலை எப்பிடித் தூக்குறனீங்கள்?”

“முன்னுக்கு நிண்டு, இடுப்பைச் சுத்திக் கட்டிப்பிடிச்சு.”

“அப்பிடிப் பிடிச்சுக் காட்டுங்கோ.”

வெட்கமாக இருந்தது. என்றாலும் குனிந்து, என் கணவருடைய பாரத்தை நினைத்து, வெறுங்காற்றில் கைகளைச் சுற்றினேன். கலியாணமான புதிதில் எட்டிப் பிடித்தாலும் விரலோடு விரல் முட்டாது. இப்போது ஒவ்வொரு கையும் மற்றக் கையின் முழங்கையில் போய் நின்றது. மேசைக்காரர் என் கைகளுக்குள்ளே நாடாவை வைத்துப் பார்த்துத் தாளில் எழுதினார்.

“இது காணும், அக்கா. கதிரை கொண்டுவரேக்கை நேரிலையும் ஒருக்காப் பாப்பம். இனிக் கையை எடுங்கோ.”

என்னால் எடுக்க முடியவில்லை. இவ்வளவுக்குள்தான் அவர் இருக்கிறார் என்று அப்போதுதான் கண்டேன். கையை விரித்தால் அதுவும் போய்விடும் என்று பயமாக இருந்தது.