வலம்புரியாகிப் போன என் சங்குப் படம்

யுத்தம் முடிந்தும் நல்ல காகிதம் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடிக்கொண்டிருந்த நாற்பதுகளில், தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் டீச்சர். என் கைக்கு வராத படமே இல்லை என்ற நினைப்பு எனக்கு அப்போது கொஞ்சம் அதிகம்.

சங்கு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓர் அதிகாரி ஒருநாள் என்னைத் தேடி வந்தார். பக்கத்தில் தருவைகுளம் என்ற கடற்கரை ஊருக்கு நேரே கடலுக்குள் ஒரு மணல் திட்டு. அங்கே சங்குகள் முட்டையிடுவதை அவர் இரண்டு வருஷமாகக் கவனித்து வந்தார். பொரிந்து வரும் குஞ்சுகள் வேறெங்கும் போவதில்லையாம். அங்கேயே மணலுக்குள் ஊர்ந்து மெல்ல மெல்ல வளருமாம். அதனால் சில காலம் அந்தத் திட்டில் யாரும் மூழ்கிச் சங்கு குளிக்கக் கூடாது. பக்கம் பக்கமாக இதை இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார். கடலில் இறங்குகிறவர்கள் யார் அதைப் படிப்பார்கள்? படமாகப் போட்டுத் தாருங்கள் என்றார்.

தாய்ச்சங்கும் சுற்றிலும் குஞ்சுகளுமாக ஒரு படம் தயார் செய்தேன். அப்போது நோட்டீஸ் அடித்தது கல் அச்சில். கல்மேல் எதையும் இடவலம் மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். அச்சாபீஸ்காரர், “படத்தையும் நானே எழுதிருதேன் டீச்சர்” என்றார். என் படத்தில் இன்னொருவர் கை வைப்பதா? எழுத்தை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு, இடவலம் மாற்ற வேண்டும் என்று தெரியாமல் படத்தை நானே அப்படியே கல்லில் வரைந்தேன். அதிகாரி அந்த வாரம் ஊரில் இல்லை. அவர் பார்க்காமலே நோட்டீஸ் ஊரெல்லாம் ஒட்டப்பட்டுவிட்டது.

நாலாம் நாள் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். திட்டவில்லை. நிஜச் சங்கு ஒன்றையும் என் நோட்டீஸையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். இரண்டின் சுழியும் எதிரெதிராக இருந்தது. நம் கடலில் கிடைப்பதெல்லாம் இடம்புரி. மாற்றிச் சுழித்த வலம்புரி எப்போதோ ஒன்று அகப்பட்டால் அந்தக் குடும்பத்தின் கஷ்டமே தீர்ந்துவிடும். நான் வரைந்திருந்தது தாயும் பிள்ளையுமாக ஒரு வலம்புரிக் கூட்டம். சர்க்கார் வலம்புரித் திட்டைக் கண்டுபிடித்துவிட்டு நம்மை வர விடாமல் தடுக்கிறது என்று பேச்சாகி, ஊரில் இருந்த வள்ளம், படகெல்லாம் அங்கேதான் நின்றதாம். எந்தக் குஞ்சுகளைக் காப்பாற்ற வரைந்தேனோ, அவற்றின் தலைமேலேயே ஆட்களை இறக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரத்துக்கு அதிகாரியோடு தருவைகுளம் போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. “ஆபீசர் சொல்லிக் குடுத்தத நீங்க ஒப்பிக்கிய” என்றார் ஒரு நடுவயதுக்காரர்.

சுவரில் பாதி ஒட்டிக்கொண்டிருந்த நோட்டீஸைப் பிய்த்து, முதுகுப் பக்கம் தெரியும்படி வெயிலுக்கு நேரே பிடித்தேன். மட்டமான மெல்லிசுக் காகிதம் அன்று எனக்கு உதவியது. வெளிச்சத்தில் சங்கு, கல்லில் நான் வரைந்தபடியே, இடம்புரியாகத் தெரிந்தது. நடுவயதுக்காரர் விடவில்லை.

“அப்ப எழுத்து மட்டும் எப்படி நேரா விழுந்துச்சு?”

“அத எழுதுனவருக்குத் தொழில் தெரியும் அண்ணாச்சி. படத்த நானே வரைவேன்னு பிடிவாதம் பிடிச்சேன். எனக்குத் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடுதான் அவர்கள் என்னை நம்ப ஆரம்பித்தார்கள்.

அன்று ராத்திரியே ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சங்கை வரையத் தொடங்கினேன். தாள்களை விரலால் சரசரவென்று விட்டால் முட்டைக்கூட்டிலிருந்து குஞ்சு வெளியே வரும், ஊரும், வளரும். இந்தத் தடவை அச்சுக்கும் போகவில்லை, அவசரமும் படவில்லை. முதலில் அந்த நடுவயதுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு மூன்று தரம் விட்டுப் பார்த்தார்.

“குஞ்சு இப்படி மேல நின்னு நடக்காது டீச்சர். மணலுக்குள்ள பொதைஞ்சு போவும். முதுகு மட்டுந்தான் லேசாத் தெரியும்.”

அதிகாரியும் ஆமாம் என்றார். முக்கால்வாசிப் பக்கத்தை அழித்து வரைந்தேன். நோட்டு வள்ளத்துக்கு வள்ளம் கை மாறியது. குஞ்சு வளர எத்தனை தாள் புரள வேண்டியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் விரலாலேயே பார்த்துக்கொண்டார்கள். ஒரேயடியாக நின்றுவிடவில்லை, ஆனாலும் அந்த மாசக் கடைசிக்குள் திட்டின்மேல் ஒரு வள்ளமும் இல்லை.

அடுத்த வருஷம் அந்த நடுவயதுக்காரரே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் அந்த நோட்டு. உப்புத் தண்ணீர் பட்டு, விரல் பட்டு, ஓரமெல்லாம் கிழிந்து, சங்கு பாதி அழிந்திருந்தது. “இன்னொண்ணு வரைஞ்சு தாங்க டீச்சர். வடக்க வேம்பார் ஊர்க்காரங்க கேக்காங்க” என்றார். திரும்பிப் போகிறவர் நின்று, “திட்டுல குஞ்சு நெறையக் கெடக்கு. யாரும் தொடல” என்றார். வகுப்பறைக்குள் போன பிறகும் எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

இப்போதும் எந்தப் படம் வரைந்தாலும் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் ஒரு தரம் பார்க்கிறேன். பிறகு, அந்தப் பொருளோடு தினமும் பழகுகிற ஒருவரிடம் காட்டி, அவர் சரி என்று தலையசைத்த பிறகுதான் அதன் கீழே என் பெயரை எழுதுகிறேன்.