எங்கள் நாயின் காதுக் கட்டு

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தோம். கோவில்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த சின்ன வீடு. சுண்ணாம்பு வாடை போவதற்குள் நாய் காதைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது.

கார்த்திகை, மார்கழியில் தெருநாய்கள் பெட்டைக்காகச் சண்டை போடும். எங்களுடையது வீட்டு நாய்தான். ஆனால் அந்த மாதங்களில் அதற்கு வீட்டு ஞாபகமே இருக்காது. அன்று சாயங்காலம் நாலு காலிலும் கரிசல் சேறு அப்பியிருக்க, இடது காது நுனி பிளந்து தொங்க, வாசலில் வந்து நின்றது. நான் துணியை எடுத்துக்கொண்டு கிட்டே போவதற்குள் தலையை ஒரு உதறு உதறியது. சுவர், ரேடியோ, மடித்து வைத்திருந்த சேலைகள், என் முகம் என்று எங்கும் ரத்தப்புள்ளி.

காதுக் காயம் மாதிரி எரிச்சலூட்டும் காயம் வேறில்லை. துணியை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். கையை எடுத்ததும் நாய்க்குக் காது குறுகுறுக்கும். உதறும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

மறுநாள் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் காயத்தைக் கழுவினார். ஓரம் நைந்து போயிருப்பதால் தையல் நிற்காது என்றார். தெருநாய் கடித்ததால் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டார்.

"காதைத் தொங்கவிட்டா ஆறவே ஆறாதும்மா. தலை மேல மடிச்சு வச்சு, தலையோட சேத்துக் கட்டுங்க. கழுத்துப் பக்கம் ரெண்டு விரல் உள்ள போகணும், அவ்வளவு இறுக்கம் போதும்."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டிய பேண்டேஜ் துணி கொஞ்ச நேரத்தில் கண்ணை மறைத்தது. அப்புறம் கழுத்துக்கு இறங்கி மாலையாகத் தொங்கியது. கடைசியில் என் வீட்டுக்காரரின் பனியனில் ஒரு கையை வெட்டி, இரண்டு பக்கமும் திறந்த குல்லா மாதிரி அதன் தலையில் மாட்டினேன். இழுத்தால் விரிந்து கொடுத்தது. விட்டால் கவ்விப் பிடித்தது. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

"நல்ல பனியன்லாட்டி அது?" என்றார் அவர்.

அவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அந்த மாதம் பகலெல்லாம் வீட்டில் இருந்தார். நான் காலையில் உப்புத்தண்ணீரில் காயத்தைக் கழுவி, களிம்பு தடவி, குல்லாவை மாட்டிவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தால் குல்லா இருக்காது. காது தொங்கும், சுவரில் புதுப்புள்ளிகள் இருக்கும். நாயைத் திட்டுவேன். அது வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொள்ளும். மறுபடி கழுவுவேன், மறுபடி மாட்டுவேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "மண்ணெண்ணெய ஊத்து, ஒரே நாள்ல காஞ்சுரும்" என்றாள். இன்னொருத்தி அடுப்புச் சாம்பல் என்றாள். வந்தவர்கள் எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். நாயைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், கிட்டே போகும்போதே நாறியது. காதை விரித்துப் பார்த்தேன். உள்ளே புழு நெளிந்தது. ஆஸ்பத்திரியில் டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்து, வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நாய் கதறியது.

"கட்டச் சொன்னேனேம்மா. படிச்சவங்க, இப்படியா விடுவீங்க?" என்றார் டாக்டர்.

"கட்டத்தான் சார் செய்யுதேன். நாய்தான் பிச்சுப் போட்டுருது."

அவர் நம்பவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நாயைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம்தான் கவனித்தேன். குல்லா தண்ணீர் டிரம்மின் மூடிமேல் இருந்தது. நாலாக மடித்து வைத்திருந்தது. எந்த நாய் துணியை மடித்து வைக்கும்?

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு இத அவுத்தீங்க?"

"பாவம்லாட்டி. என்னையே பாத்துக்கிட்டு நிக்கான். காது கேக்காம தவிக்கான். கொஞ்ச நேரம் காத்தாடட்டும்னுதான்..."

"தினமுமா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"புழு வச்சது எதுனாலன்னு தெரியுதா? அங்கன அந்த டாக்டர் என்னைய அவ்வளவு பேச்சு பேசுனாரு. நீங்க இங்கன இருந்துக்கிட்டு காத்தாட விடுதீங்க!"

பஞ்சு, களிம்பு, முள்வாங்கி எல்லாவற்றையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இனி நான் தொடமாட்டேன் என்றேன். சொன்னபடி இருக்க முடியவில்லை. காயத்தைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றியது. ஆகவே நான் மருந்து வைத்தேன். அவர் நாயை மடியில் கிடத்தி, வாயை நாடாவால் கட்டிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் முகத்தைத் திருப்பியபடி, "முடிஞ்சுட்டுலே, முடிஞ்சுட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. குல்லாவை மட்டும் அதற்குப் பிறகு அவிழ்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று வந்தவர்கள் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் காதுக் கதையைச் சொன்னேன்.

பொங்கல் கழிந்துதான் புண் முழுதாக மூடியது. காது பழையபடி நிமிரவில்லை. வாடிய வெற்றிலை மாதிரி சுருங்கி ஒரு பக்கம் மடங்கியே நின்றது. நாய்க்கு அதைப்பற்றிக் கவலையில்லை. ஆனால் என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மருந்து இருக்கும் பீரோவைத் திறந்தால்கூட ஓடும். அவர் மில்லிலிருந்து வந்ததும் காலைச் சுற்றிச் சுற்றி வரும். புழு வைக்க விட்டவர் அவர், எடுக்க வைத்தவள் நான். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் தலையை வேகவைத்து ஆறவைத்து, வாசலில் நின்று கூப்பிட்டேன். அது என் கையைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது.

"போலே, அவ மருந்து கொண்டு வரல" என்றார் அவர்.

மெதுவாக வந்தது. மீன் தலையைக் கவ்விக்கொண்டு, அவர் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துத் தின்றது.