காகத்துக்கு வைத்த சோறும் வாகை மரத்துக் குஞ்சுகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது என்று நான் சொன்னால் எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒருவரும் நம்புவதில்லை. காலி நகரத்துக்குப் போகிற காலி வீதியில் நடக்கிறவர்களுக்குப் புடவைக் கடையும் நகைக் கடையும் கொத்துரொட்டிச் சத்தமும்தான் தெரியும். ஆனால் அந்த வீதி ஒரு மேட்டின் முதுகில் போகிறது. பாலத்தை நெருங்கும்போது நிலம் மெல்லச் சரிந்து இறங்குவது முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு விளங்கும். எனக்கு நன்றாகவே விளங்கும். அந்தச் சரிவின் அடியில்தான் கால்வாய். கிழக்கே சதுப்பு நிலத்திலிருந்து வருகிற தண்ணீர், காலி வீதிப் பாலம், மரைன் டிரைவ் பாலம், ரயில் பாலம் எல்லாவற்றின் கீழும் நுழைந்து கடலில் சேர்கிறது. இந்தக் கால்வாயை ஒல்லாந்தர் வெட்டினார்கள் என்பார் ஒருவர், இல்லை ஆங்கிலேயர்தான் என்பார் மற்றவர். யார் வெட்டினால் என்ன, அதற்குள் குப்பைப் பையை வீசுகிறவர்கள் நாங்கள்தான்.

கப்பல் ஏஜென்சி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கால்வாய்ப் பக்கமாக இரண்டாம் மாடியில் தங்கையுடன் இருக்கிறேன். அக்காவான நான் கலியாணம் கட்டவில்லை. அவள் கட்டி, புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தவள். எங்கள் குசினிப் பல்கனிக்கு நேரே, கால்வாய்க் கரையில் ஒரு பெரிய வாகை மரம் நிற்கிறது. அதில் வக்காக்கள் கூடு கட்டும். வக்கா என்றால் இராக்கொக்கு; கொக்கைவிடக் குட்டை, கறுப்பு உச்சி, சிவப்புக் கண். பகலெல்லாம் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, சம்பளம் வெட்டப்பட்ட தலைமை எழுதுவினைஞர் மாதிரி உம்மென்று இருக்கும். பொழுது படத்தான் வேலைக்குப் போகும். கீழே தண்ணீரில் கபரகொய்யா ஒன்று, முதலையின் தம்பி என்று சொல்லத்தக்க பெரிய பல்லி, தலையை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். எதிர்க்கரை மின்கம்பத்தில் கூழைக்கடா வந்து குந்தும். தொலைக்காட்சி பார்க்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போனது இவற்றால்தான்.

சென்ற வருஷம் தைப்பொங்கலுக்குப் பிறகு வக்காச் சோடி ஒன்று எங்கள் பல்கனிக்கு மிகக் கிட்டிய கிளையில் கூடு கட்டியது. மூன்று குஞ்சுகள். தலைமயிர் குத்திட்டு நிற்க, பார்க்கவே சகிக்காத அவலட்சணம். நான் அவற்றில் பைத்தியமாகிப் போனேன் என்பதை ஒளிக்கத் தேவையில்லை.

தங்கைக்கு அந்த நாட்களில் வேறு பைத்தியம். கனடாவில் மகள் பிள்ளை வயிற்றோடு இருந்தாள். அதற்கு முன் இரண்டு தரம் கரு தங்கவில்லை. தாய் போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்றால் விசாவை மறுத்துவிட்டார்கள். மகளுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று கொட்டாஞ்சேனையில் ஒரு சாத்திரி சொல்ல, இவள் சனிக்கிழமை விரதம் தொடங்கினாள். காலையில் கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கு எரித்துவிட்டு வந்து, மரக்கறி சமைத்து, வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் எடுத்துப் பல்கனிக் கட்டுச் சுவரில் வைப்பாள். சனீஸ்வரனின் வாகனமான காகம் வந்து வாய் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இவள் வாயில் பருக்கை படும். சீனி வருத்தக்காரி, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவள். காகம் தாமதித்தால் கை நடுங்கும். என்றாலும் அசையமாட்டாள்.

காகங்களுக்குக் கிழமை தெரியாது என்று யாராவது சொன்னால் எங்கள் ஒழுங்கைக்குக் கூட்டிவாருங்கள். விரதக்காரர் இருக்கிற வீடுகளின் பல்கனிகளுக்கு எதிரே, சனிக்கிழமை பத்து மணிக்கே கம்பி நிறையக் குந்தியிருக்கும். சோற்றைத் தின்ற பின் உடனே போய்விடுமா? மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தங்கை வைத்த சோற்றைத் தின்ற இரண்டு காகங்கள் கூட்டுக்குப் போயின. ஒன்று தாய் வக்காவின் வாலைப் பிடித்து இழுத்தது. அது திரும்பிக் கொத்தப் போன இடைவெளியில் மற்றது ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது.

எனக்கு வந்த கோபத்தில் தட்டை மேசையில் அடித்து வைத்தேன்.

"உன்ர விரதச் சோத்துக்கு வந்ததுகள்தான் பிடிச்சுக்கொண்டு போகுதுகள். கண்ணால பாத்தனான்."

"நானென்னக்கா செய்ய? காகம் சாப்பிடாம நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"காகம் வேற இடத்தில இல்லையோ? கொழும்பில காகத்துக்கோ பஞ்சம்?"

அவள் அழவில்லை. மகளைப் பற்றிய பயம் அவளை அழுகைக்கு அப்பால் கொண்டுபோயிருந்தது. யோசித்துவிட்டு, "அப்ப கடற்கரையில வைப்பம்" என்றாள். அதற்கு நான் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து இலையில் சுற்றிய சோற்றோடு கால்வாய்க் கரையோரமாக நடந்தோம். மரைன் டிரைவைக் கடந்து, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தைத் தாண்டினால் கல் அணை. அதற்கு அந்தப் பக்கம்தான் கால்வாய் கடலைச் சந்திக்கிற இடம். வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். கால்வாய் உள்ளே பச்சையாகத் தேங்கி நிற்கும். மழை பெய்தால் அந்த மணல் அணையை உடைத்துக்கொண்டு மண்ணிறத்தில் பாயும். அப்போது மீன் ஏறும், மீனுக்குப் பின்னால் நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் ஏறும். தாத்தா காலத்தில் வயலும் சேறுமாக இருந்த கிழக்குப் பக்க நிலம் முழுவதும் இன்று கொங்கிறீட். ஆனாலும் அந்தத் தண்ணீரைக் கண்டால் பறவைகளுக்கு அது பழைய ஊர்தான். எனக்கு அதில் பெரிய ஆறுதல்.

முதல் தடவை இலையைக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு நாய் சோற்றை விழுங்கிவிட்டது. தங்கை விறைத்துப் போனாள்.

"பரவாயில்ல, நாய் சனியின்ர குருவான வைரவற்ற வாகனம். ஆள் மாறினாலும் இலாகா ஒண்டுதான்" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ அக்கா."

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்கள மனிதர் சிரித்துக்கொண்டே, "கபுடாட்ட பத் தெனவாத, மிஸ்?" என்று கேட்டார். காகத்துக்குத்தான் சோறு என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் தன் பையிலிருந்த பாணில் பாதியை நாய்க்குப் போட்டு அப்பால் கூட்டிப்போனார். மிச்சம் வைத்திருந்த பிடி சோற்றைத் தங்கை மறுபடி வைக்க, காகம் வந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நாயைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பாயிற்று.

இரண்டு குஞ்சும் வளர்ந்தன. பங்குனி பிறந்தது. மகளுக்கு ஏழாம் மாதம்.

ஒரு சனிக்கிழமை விடிய மருமகன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். பிள்ளை பிறந்துவிட்டது, பெண் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூச்சுக்கு மெசின். தாய் சுகம். பிள்ளையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம். தங்கை போனை வைத்துவிட்டு, குளித்து, அடுப்பை மூட்டினாள். வெளியே அடைமழை. கடற்கரைக்குப் போக வழியில்லை. மழை சற்று விட்ட நேரம் பார்த்து, என்னைக் கேளாமலே பல்கனிக் கட்டுச் சுவரில் இலையை வைத்தாள். அன்றைக்கு நான் தடுக்கவில்லை; கதிரையைக் கூட்டுக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தேன்.

காகங்கள் வந்தன. ஆனால் இலைக்கு வரவில்லை. குஞ்சுகள் வளர்ந்து தீனி போதாமல் தாயும் தகப்பனும் பகலிலும் மீனுக்குப் போயிருந்த கூட்டுக்குப் போயின. ஒன்று ஒரு குஞ்சின் இறகைப் பிடித்து இழுத்தது. நனைந்து கிடந்த அந்தக் குஞ்சு வாயைப் பிளந்தது, சத்தம் வரவில்லை. நான் கதிரையிலிருந்து எழுவதற்குள் தங்கை நிலம் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிவிட்டாள். "விடடா! விடடா அத!" என்று கத்தியபடி, கட்டுக்கு வெளியே பாதி உடம்பு தொங்கக் கிளையை அடித்தாள். நான் அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். காகங்கள் குஞ்சை விட்டுவிட்டுக் கம்பிக்குப் பறந்தன. இலை கவிழ்ந்து சோறு கீழே கொட்டிப் போயிற்று.

அவள் தடியைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அக்கா, காகத்தைக் கலைச்சுப்போட்டன். இண்டைக்குப் போய்க் கலைச்சுப்போட்டன்."

புதிய இலையில் சோறு வைத்தோம். கம்பியிலிருந்த காகங்கள் எங்களைப் பார்த்தபடி இருந்தன, கிட்ட வரவில்லை. பக்கத்து வீட்டுச் சோற்றைத் தின்றன, எங்களுடையதைத் தொடவில்லை. மத்தியானம் கழிந்தது. அவளுடைய கை நடுங்கத் தொடங்கியது. சீனி குறைகிறது, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடி என்றேன். மாட்டேன் என்றாள். கூட்டை விட்டும் எழும்பமாட்டாளாம், போனை விட்டும் எழும்பமாட்டாளாம். மடியில் தும்புத்தடி, கையில் போன்.

மழை ஓய்ந்ததும் நான் தனியே சோற்றை எடுத்துக்கொண்டு நடந்தேன். நம்பிக்கை இல்லாதவள் நான். கோயிலுக்குப் போனாலும் செருப்பைப் பற்றித்தான் யோசிப்பேன். ஆனால் வீட்டில் அவள் மயங்கி விழுந்துவிடுவாள் என்ற பயம் என்னை முழங்கால் வலியை மறந்து ஓட வைத்தது. மழைக்கு மணல் அணை உடைந்து கால்வாய் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாய்ச்சலில் மீனுக்காக எல்லாப் பறவையும் நின்றன. காகம் மட்டும் இல்லை. கல்லில் இலையை விரித்தேன். அறுபது தாண்டிய பொம்பிளை, தூண்டில்காரரும், குடை பிடித்துக்கொண்டிருந்த காதல் சோடியும் பார்க்க, "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய்விட்டது. தூண்டில்காரரும் எழும்பி நின்று என்னோடு சேர்ந்து கூப்பிட்டார்.

ரயில் ஒன்று போன பிறகு, தண்டவாளப் பக்கமிருந்து நனைந்த காகம் ஒன்று வந்தது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. மாசியிலிருந்து கள்ளன், கொலைகாரன் என்று நான் ஏசிய சாதி. சோற்றில் வாய் வைத்தது.

"சாப்பிடு ராசா" என்றேன். "வடிவாச் சாப்பிடு. எங்கட பிள்ளைய மட்டும் விட்டிடு."

அது பருப்பை ஒதுக்கி, வாழைக்காய்ப் பொரியலை எடுத்துக்கொண்டு போயிற்று. நான் தங்கைக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டிட்டுது. நீ சாப்பிடு."

"உண்மையாவோ அக்கா?"

"ஓம். என்ர கண்ணால பாத்தனான்."

மறுமுனையில் சோற்றுக் கோப்பைச் சத்தம் கேட்டது. அவள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே அழுவது கேட்டது. அவள் தின்று முடியும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லிலேயே இருந்தேன்.